ஒரு முடிச்சு, நாலு கப்பி



பச்சைப் பட்டாணியைத் தட்டிலிருந்து வாய்க்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் இயந்திரம். உச்சந்தலையில் முளைத்த மருவை எடுக்க ஒரு நாற்காலி. ராத்திரியில் கத்தும் பூனைகள் மேல் தானாகத் தண்ணீர் அடிக்கும் ஓர் ஏற்பாடு. இங்கிலாந்தின் வில்லியம் ஹீத் ராபின்சன் (1872–1944) வரைந்து தள்ளியவற்றில் இவை சில. இந்த இதழ் கேலிச்சித்திரச் சிறப்பிதழ் என்று முடிவானதும் எங்கள் குழுவில் முதலில் அடிபட்ட பெயர் அவருடையதுதான்.

கோணங்கி இயந்திரம் என்றால் பலருக்கும் அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் ரூப் கோல்ட்பர்க் ஞாபகம் வருவார். அவர் பொறியியல் படித்தவர். ஒவ்வொரு பாகத்துக்கும் எழுத்துக் குறியிட்டு, இது அசைந்தால் அது விழும், அது விழுந்தால் கிளி தாவும் என்று பாடம் நடத்துவார். ராபின்சன் ஓவியப் பள்ளியில் படித்தவர். அவர் படங்களில் பாடம் கிடையாது, பார்த்தாலே போதும். கப்பிகள், மெழுகுவத்தி, எங்கேயோ தொங்கும் ஒரு கெண்டி, எல்லாவற்றையும் இழுத்துக் கட்டிய கயிறு. அந்தக் கயிறும் முழுசாக இருக்காது. பல இடங்களில் அறுந்து முடிச்சுப் போட்டிருக்கும். யாரோ நேற்றுவரை இதைப் பழுதுபார்த்து ஓட்டியிருக்கிறார்கள் என்று நம்மை நம்பவைப்பது அந்த முடிச்சுதான்.

இயக்குபவர்களைப் பாருங்கள். தொப்பை, வழுக்கை, மூக்குக்கண்ணாடி. தாலுகா ஆபீஸில் முத்திரை குத்துகிறவரின் கவனத்தோடு கயிற்றை இழுக்கிறார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. என்னைக் கேட்டால், சூட்சுமம் இயந்திரத்தில் இல்லை, இந்த முகங்களில்தான் இருக்கிறது. அவர்களில் ஒருவர் பல்லைக் காட்டினாலும் படம் படுத்துவிடும்.

இயற்கைக் காட்சிகள் வரையத்தான் ராபின்சனுக்கு ஆசை. அது சோறு போடவில்லை. அப்பாவையும் அண்ணன்களையும் போலப் புத்தகங்களுக்குப் படம் வரையப் போனார். கல்யாணமான மறு வருடமே, 1904இல், ஒரு பெரிய வேலையை வாங்கிச் செய்து முடித்த கையோடு பதிப்பாளர் திவாலானார், காசு வரவில்லை. வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே என்று நகைச்சுவைப் பத்திரிகைகளின் கதவைத் தட்டினார். 1935இல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே தன் நூற்றாண்டுக்கு, தன்னையே கேலி செய்து ஒரு புத்தகம் போடச் சொல்லி அவரை அழைத்தது. நம் ஊரில் எந்த நிறுவனத்துக்கு அந்த நெஞ்சு உண்டு?

எனக்கு மிகவும் பிடித்த சங்கதி இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943இல் நடந்தது. ஜெர்மானிய ராணுவத் தலைமையின் சங்கேதச் செய்திகளை உடைக்க, பிரிட்டனின் ரகசியச் சங்கேத மையமான பிளெட்ச்லி பார்க்கில் ஓர் இயந்திரம் வந்திறங்கியது. துளையிட்ட இரண்டு காகித நாடாக்கள் கப்பிகள் மேல் படுவேகமாகச் சுற்றும். இரண்டும் இம்மி பிசகாமல் சேர்ந்தே ஓட வேண்டும். காகிதம் அல்லவா, இழுபடும், கிழியும், கணக்குத் தப்பும். அதை ஓட்டிய பெண்கள் கடற்படைப் பிரிவினர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ‘ஹீத் ராபின்சன்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்த நாடாத் தொல்லைக்கு முடிவு கட்டத்தான் தபால் துறைப் பொறியாளர் டாமி ஃபிளவர்ஸ் ஒரு நாடாவையே எடுத்தெறிந்து, அதன் வேலையை மின்னணு வால்வுகளிடம் ஒப்படைத்தார். அப்படி வந்ததுதான் கொலோசஸ், கணினி வரலாற்றில் தவறாமல் இடம்பெறும் இயந்திரம்.

ஓவியர் 1944 செப்டம்பரில் காலமானார். பிளெட்ச்லி ரகசியங்கள் வெளியே கசியத் தொடங்கியதோ 1970களில். தன் பெயரில் ஓர் இயந்திரம் நிஜமாகவே ஓடியது, அதுவும் தன் படங்களைப் போலவே மக்கர் செய்துகொண்டு ஓடியது, அவருக்குத் தெரிய வழியே இல்லை. தெரிந்திருந்தால் இன்னும் இரண்டு கப்பி சேர்த்துக் கொடுத்திருப்பார்.

கடைசியாகப் பள்ளி வாசகர்களுக்கு ஒரு வேலை. விடிந்தும் எழுந்திருக்காத அண்ணனை எழுப்ப ஓர் இயந்திரம் வரைந்து அனுப்புங்கள். மின்சாரம் கூடாது. கயிற்றில் முடிச்சு கட்டாயம். நல்லவற்றை அடுத்த இதழில் போடுகிறோம். அண்ணன்கள் பதிலுக்கு வரைந்தாலும் ஆட்சேபம் இல்லை.

அன்புடன்,
ஆசிரியர்