நடைபாதையில் நிற்பதற்கும் அனுமதியா?

சொத்துக்கு உரியவர் இட்டதே சட்டம் என்பர் தனிமனிதச் சுதந்திரவாதிகள். அமெரிக்கச் சிந்தனையாளர் முர்ரே ராத்பார்ட் இதை எல்லைவரை கொண்டுசென்றார். பேச்சுரிமை என்று தனியே ஒன்றில்லை. நிற்கும் இடம் எவருடையதோ, அவர் இசைந்தால் பேசலாம் என்பது அவர் வாதம்.

வீட்டளவில் இது சரியே. பிறர் வீட்டு வாசலில் ஸலாம் கூறி அனுமதி கேட்கவும், 'திரும்பிச் செல்லுங்கள்' எனப்பட்டால் திரும்பிவிடவும் கற்பிக்கப்பட்ட நமக்கு இது புதிதுமன்று.

ஆனால் ஊரே ஒருவருக்குச் சொந்தமாயின்? அலபாமா மாநிலத்தின் சிக்கசா அன்று அத்தகைய ஊராக இருந்தது. வீடு, தெரு, கடைவீதி யாவும் ஒரு கப்பல் கட்டும் நிறுவனத்தின் உடைமையாக இருந்தன. அஞ்சலகத்தருகே நடைபாதையில் நின்று மதப் பிரசுரங்கள் வழங்கிய யெகோவா சாட்சிப் பெண்மணி ஒருவர், வெளியேற மறுத்ததால் அத்துமீறல் குற்றத்திற்குத் தண்டிக்கப்பட்டார். 1946இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. தம் ஆதாயத்துக்காக இடத்தைப் பொதுமக்களுக்கு எவ்வளவு திறந்துவிடுகிறாரோ, அவ்வளவுக்கு உரிமையாளரின் அதிகாரம் சுருங்கும் என்றது தீர்ப்பு.

அப்பெண்மணியின் கொள்கை நமக்கு உடன்பாடானதன்று. அது வேறு பேச்சு. ராத்பார்டின் அளவுகோலில் அவர் வெறும் அத்துமீறியவர். சாண் நிலமும் இல்லாதவர் வாய்திறக்க இடமற்றுப் போவதை அக்கோட்பாடு குறையாகவே காண்பதில்லை. என் மறுப்பு அங்கேதான்.