நீலிக்கு யார் பதில் சொன்னார்கள்?

திருவள்ளூரிலிருந்து அரக்கோணம் செல்லும் ரயில் பாதையில் திருவாலங்காடு என்றொரு ஸ்டேஷன் உண்டு. அதை அடுத்த பழையனூர்தான், நேயர்களே, 'நீலிக் கண்ணீர்' பிறந்த ஊர். கணவன் கையால் மாண்ட பெண் பேயாகி, மறுபிறவியில் வணிகனாய்ப் பிறந்த அவனைத் தொடர்ந்து வருகிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி அழுகிறாள். அவ்வழுகையை நம்பிய வேளாளர் எழுபதின்மர், தங்கள் உயிரையே பிணையாக வைத்து, வணிகனை அவளுடன் அனுப்புகிறார்கள். விடிந்தால் அவன் பிணம்! எழுபதின்மரும் சொல் தவறாமல் தீப் பாய்ந்தனர்.

இந்த நீலியைச் சமணப் புலவர் ஒருவர் 'நீலகேசி' என்னும் காவியத்துக்குக் கொண்டு போனார். காளி கோயிலில் உயிர்ப்பலியைத் தடுத்த முனிசந்திரரை மிரட்ட வருகிறாள் அவள். முனிவரிடம் வாளுமில்லை, மந்திரமுமில்லை, அச்சமும் இல்லை. பேய் சிஷ்யையாகிறது, பௌத்தர் முதலியோருடன் வாதமும் புரிகிறது! 1936-ல் அ. சக்கரவர்த்தி இதைப் பழைய உரையுடன் பதிப்பித்தார்.

பேயை அழிக்காமல் திருத்துவது உயர்ந்த வெற்றிதான். ஆனால் காவிய நீலிக்குக் கணவன் செய்த கொலை என்ற வழக்கே கிடையாது. வழக்கில்லாதவளைச் சாந்தப்படுத்துவது சுலபமல்லவா? கிராமத்துக் கதை அந்தக் கொலையை மறக்கவில்லை. ஆனால் அதற்கு விலை கொடுத்தவர்களோ, கொலையைக் கண்ணாலும் கண்டிராத எழுபது பேர்.