தேடிப் போக வேண்டிய மருந்து

கொங்கு நாட்டில் கல்லீரலுக்கு ஒரே நோய்தான், மஞ்சள் காமாலை. மருந்தும் ஒன்றுதான், கீழாநெல்லி. கண் மஞ்சளித்தால் அரைத்து மோரில் கலந்து குடித்துவிட்டுப் பத்தியம் இருப்போம். ஹெபடைடிஸ் சி இந்த ஒழுங்குக்குள் அடங்குவதில்லை. பெரும்பாலும் கண் மஞ்சளிப்பதே இல்லை. இருபது முப்பது ஆண்டுகள் ஓசையின்றி இருந்து, கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்த பிறகே பலருக்குத் தெரியவருகிறது.

கோவையில் வலி நிவாரணி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றிச் சில ஆண்டுகளாக நாளிதழ்களில் படித்துவருகிறோம். விற்றவர்களின் கைதோடு செய்தி முடிந்துவிடுகிறது. அந்த ஊசி எத்தனை கைகள் மாறியது என்று எவரும் கேட்பதில்லை. (ஊசி மட்டுமல்ல, மாத்திரை கரைத்த நீரையும் பஞ்சையும் பகிர்ந்தாலே தொற்றிக்கொள்ளக் கூடும்.)

எங்களுக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், பின்னலாடைத் தொழிலாளி, இரத்தப் பரிசோதனையில் தொற்று இருக்கலாம் என்று அறிந்து ஒரு மருத்துவமனைக்குப் போனார். முதலில் பழக்கத்தை விட்டுவிட்டு வா என்றார்களாம். அவர் பிறகு போகவேயில்லை.

இதில் வேதனை என்னவென்றால், மருந்து இருக்கிறது. 2013-இல் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் வந்தபோது 12 வாரச் சிகிச்சையின் விலை 84,000 டாலர். பின்னர் இந்திய நிறுவனங்களே தயாரிக்கத் தொடங்கின. 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அது இலவசம். மூன்று மாதம் மாத்திரை விழுங்கினால் நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் முற்றிலும் குணமாகிறார்கள்.

மீண்டும் ஊசி போட்டு மீண்டும் தொற்றினால்? நியாயமான கேள்வி, அப்படி நேர்வதும் உண்டு. ஆனால் குணமான ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்று போவதில்லை. ஊசி போடுகிறார் என்பதற்காகச் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடும்.

இவர்கள் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுவார்களா என்ற ஐயத்துக்குச் சென்னையிலேயே பதில் இருக்கிறது. சுனிதி சாலமன் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் சார்ந்த ஆய்வொன்றில், ஊசிப் பழக்கமுள்ள சுமார் 50 பேருக்கு அவர்கள் புழங்கும் இடத்திலேயே, கண்முன் விழுங்க வைத்துச் சிகிச்சை தந்தார்கள். 24 வாரச் சிகிச்சையைவிட 12 வாரச் சிகிச்சையே நல்ல பலன் தந்தது. குறை ஒழுக்கத்தில் அல்ல, காத்திருக்க வைக்கும் நாட்களில் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை மாத்திரையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறது. உக்கடத்திலோ சிங்காநல்லூரிலோ பழக்கத்திலிருந்து மீண்ட ஒருவரையும் உடனழைத்துக்கொண்டு, விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுக்க அதே கால்கள் நடக்கக் கூடாதா? காவல்துறை வண்டி மட்டும் தொலைவில் நிற்கட்டும்.

அந்த இளைஞருக்கு முதற்சோதனைதான் ஆகியிருக்கிறது. அது எப்போதோ தொற்று ஏற்பட்டதை மட்டுமே சொல்லும். சிலருக்கு வைரஸ் தானாகவே நீங்கிவிடுவதும் உண்டு. இன்னும் உடலில் இருக்கிறதா என்பதைக் காசநோய்க்குச் சளி பார்க்கும் ஜீன்எக்ஸ்பெர்ட் கருவியிலேயே பார்த்துவிடலாம். அடுத்த வாரம் நாங்களே அவரை அழைத்துப் போவதாக இருக்கிறோம். வருகிறேன் என்றிருக்கிறார்.