வீட்டில் மாற்றம் வந்தால் வரி இலாகாவுக்கும் சொல்வோம்



வீட்டுப் பெண்ணுக்குத் திருமணம் ஆனால் குடும்ப அட்டையிலிருந்து பெயரை நீக்கிப் புகுந்த வீட்டு அட்டையில் சேர்க்க ஓடுகிறோம். குழந்தை பிறந்தால் பெயர் சேர்க்கிறோம். வீடு மாறினால் காஸ் ஏஜென்சிக்குப் போய் முகவரியை மாற்றுகிறோம். ஆனால் கடையின் ஜி.எஸ்.டி. பதிவைப் பற்றி மட்டும் யாருக்கும் நினைவு வருவதில்லை. பெரியவர் காலமானாலும், அண்ணன் தம்பி பாகம் பிரிந்தாலும், கிடங்கு இடம் மாறினாலும், "ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்" என்று இருந்துவிடுகிறோம். ஆடிட்டருக்கு ஜோசியமா தெரியும்? நாம் சொன்னால்தானே அவர் பார்ப்பார்.

இந்த அலட்சியத்தால் ஒரு குடும்பம் பட்ட நஷ்டத்தைக் கண்ணால் கண்டதால்தான் இதை எழுதுகிறோம்.

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதிப் பக்கம் ஒரு மளிகைக் கடை. திருச்சி காந்தி மார்க்கெட் பகுதியில் உள்ள எங்கள் மண்டியில் முப்பது வருடத்துக்கு மேலாகச் சரக்கு எடுத்தவர் அந்தக் கடைக்காரர். ஒரு நாள்கூடப் பாக்கிக்கு ஆள் அனுப்ப வைத்ததில்லை. சில ஆண்டுகளுக்கு முன் மார்கழி மாதத்தில் காலமானார். வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் வரும் நேரம். காரியம் முடிந்த கையோடு மகன் கடையைத் திறந்தார். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்ரீரங்கத்து வியாபாரிக்கு அந்த இருபது நாள் வியாபாரம் என்னவென்று நமக்குத் தெரியும்.

ஆனால் தை போய் ஆடி வந்தும் அப்பாவின் எண்ணிலேயே பில் வாங்கினார், அப்பாவின் எண்ணிலேயே ரிட்டர்ன் போட்டார். அப்பாவின் கைபேசி கல்லாப் பெட்டியிலேயே இருந்தது. ஓ.டி.பி. வந்தால் பார்த்துச் சொல்லிவிடுவார். நாங்களும் பழைய பெயரிலேயே பில் போட்டுக்கொண்டிருந்தோம். பெரியவர் சாவுக்குப் போய் மாலை போட்டுவிட்டு வந்த நாங்கள், மறுவாரமே அவர் பெயரில் பில் போட்டோம் என்றால் எங்கள் புத்தியை என்ன சொல்வது? கேட்க வேண்டியது எங்கள் கடமை. கேட்கவில்லை.

பிறகு வங்கிக் கணக்கை மாற்றும்போது விஷயம் வெளிவந்தது. பயந்துபோன மகன், யாரோ சொன்னார்கள் என்று ஒருவரிடம் போனார். அவர் முதல் வேலையாக அப்பாவின் பதிவை ரத்து செய்ய விண்ணப்பம் போட்டார். ரத்தும் ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் மகன் பெயரில் புதுப் பதிவுக்கு எழுதினார். இங்கேதான் பெரிய தவறு நடந்தது.

பதிவை ரத்து செய்யும்போது கடையில் இருப்பிலுள்ள சரக்குக்கு நாம் எடுத்த இன்புட் வரியைத் திரும்பச் செலுத்த வேண்டும் என்பது சட்டத்தின் 29ஆம் பிரிவு. அதன்படி அப்பாவின் பேரேட்டில் இருந்த வரவு முழுவதும் கழிந்தது. போதாததை ரொக்கமாகக் கட்டினார்கள். மகனின் புது எண்ணில் வரவு பூஜ்யம். அதே சோப்பையும் எண்ணெயையும் புது எண்ணில் விற்றபோது மறுபடியும் முழு வரி. ஒரே சரக்குக்கு இரண்டு முறை வரி கட்டிய கதை. மொத்தம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் போயிற்று. பெரியவர் ஒரு ரூபாய் வரி ஏய்த்தவர் அல்ல. மகனும் அப்படியே. சொல்ல வேண்டியதை, சொல்ல வேண்டிய நேரத்தில், சொல்ல வேண்டிய வரிசையில் சொல்லவில்லை என்பது ஒன்றுதான் குற்றம்.

இன்புட் என்பது நம் முதல். இதை நம்மில் பலர் இன்னும் உணரவில்லை. அதற்கும் காரணம் உண்டு. 1959ஆம் வருடச் சட்டப்படி விற்பனை வரி இருந்த காலத்தில் பெரும்பாலான சரக்குக்கு ஒருமுனை வரிதான். மேலே ஒருவர் கட்டிவிட்டால் சில்லறைக் கடைக்காரருக்கு வேலையில்லை. 2007 ஜனவரி முதல் தேதி வாட் வந்த பிறகுதான் வரி வரவு என்ற கணக்கு மளிகைக் கடை வரை வந்தது. 2017 ஜூலை முதல் தேதியிலிருந்து ஜி.எஸ்.டி. இப்போது கல்லாவில் ஒரு பணம் இருப்பதுபோல, இணையத்தில் உள்ள பேரேட்டில் ஒரு பணம் இருக்கிறது. கல்லாவை இரவில் பூட்டிவிட்டுப் போகிறோம். பேரேட்டைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் இவற்றின் வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகவும், நெய், வெண்ணெய் வரி 12லிருந்து 5 ஆகவும் குறைந்தது. பழைய வரியில் வாங்கிய சரக்கைப் புது வரியில் விற்றவர்களுக்குப் பேரேட்டில் வரவு மிஞ்சியது. அதைப் பின்னால் வரும் வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் வரி குறைந்தது என்ற ஒரே காரணத்துக்காக ரொக்கமாகத் திருப்பிக் கேட்க வழியில்லை. ஆகவே அந்த எண் உயிரோடு இருந்தால்தான் அந்தப் பணமும் நம்முடையது.

இனி, எந்த மாற்றத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று நாம் கேட்டறிந்ததை எழுதுகிறோம்.

முதலாவது, உரிமையாளர் காலமானால். தனி உரிமையாளரின் ஜி.எஸ்.டி. பதிவு அவருடைய பான் எண்ணோடு சேர்ந்தது. அவருக்குப் பின் அது வாரிசுக்குத் தானாக வராது. கடையைத் தொடரும் வாரிசு தம் பெயரில் புதுப் பதிவு எடுக்க வேண்டும். 30 நாளுக்குள் விண்ணப்பித்தால், பொறுப்பு வந்த தேதியிலிருந்தே பதிவு செல்லும். தாமதித்தால் பதிவு கிடைத்த தேதியிலிருந்துதான் செல்லும். இடையில் உள்ள நாட்கள் அந்தரத்தில் நிற்கும். புது எண் வந்தபின் ஐ.டி.சி. 02 என்ற படிவத்தில் பழைய பேரேட்டு வரவைப் புதியதற்கு மாற்ற வேண்டும். அதற்குச் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் அல்லது காஸ்ட் அக்கவுண்டன்ட் சான்று தேவை. மாற்றியதை வாரிசு தம் எண்ணில் ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். கடைசியாகத்தான் பழைய பதிவை ரத்து செய்ய வேண்டும். புதுப் பதிவு, வரவு மாற்றம், ரத்து என்பதே வரிசை. 2019 மார்ச் 28ஆம் தேதியிட்ட 96ஆம் எண் சுற்றறிக்கையில் மத்திய வரி வாரியமே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வரவோடு பாக்கியும் சேர்ந்தே வரும் என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டாவது, கூட்டு வியாபாரம். பங்குதாரர் சேர்ந்தாலோ விலகினாலோ 15 நாளுக்குள் ஆர்.இ.ஜி. 14 படிவத்தில் திருத்தம் போட வேண்டும். நம் ஊரில் அண்ணன் தம்பி இருவர் மட்டுமே உள்ள கடைகள் ஏராளம். அதில் ஒருவர் போய்விட்டால் மிஞ்சியவர் ஒருவர். ஒருவர் மட்டும் கூட்டு ஆக முடியாது. அவர் தனி உரிமையாளர் ஆகிறார், பான் எண் மாறுகிறது. அங்கேயும் புதுப் பதிவும் ஐ.டி.சி. 02 படிவமும் உண்டு. இதை வெறும் திருத்தம் என்று நினைத்து ஏமாறுபவர்கள் பலர்.

மூன்றாவது, இடம். கூடுதலாகக் கிடங்கு எடுத்தாலும், கடையைக் கொள்ளிடம் பக்கம் மாற்றினாலும் அதே 15 நாள்தான். பதிவில் இல்லாத கிடங்கில் உள்ள சரக்கைச் சோதனைக்கு வருபவர் கணக்கில் வராத சரக்காகப் பார்க்க இடம் கொடுக்கக் கூடாது.

நான்காவது, காம்போசிஷன். வருட விற்றுமுதல் ஒன்றரைக் கோடி வரை உள்ள கடைக்காரர் 1 சதவீதம் கட்டி நிம்மதியாக இருக்கலாம். இன்புட் கிடையாது. வியாபாரம் வளர்ந்து அந்த வரம்பைத் தாண்டினால் 7 நாளுக்குள் சி.எம்.பி. 04 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். அன்றைக்குக் கையிலுள்ள சரக்குக்கு இன்புட் எடுக்க 30 நாளுக்குள் ஐ.டி.சி. 01 படிவம். பில் ஒரு வருடத்துக்கு மேல் பழையதாக இருந்தால் கிடைக்காது. வியாபாரம் பெருகியதைச் சொல்லப் பயந்து மறைப்பவர், தமக்கு வர வேண்டிய பணத்தையும் சேர்த்துத்தான் மறைக்கிறார்.

ஐந்தாவது, கைபேசி எண்ணும் மின்னஞ்சலும். இதில் நாங்களே தவறியவர்கள். எங்கள் பதிவில் பழைய கணக்கரின் எண்தான் இருந்தது. அவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியும் மாற்றவில்லை. இணையத்தில் வந்த இரண்டு நோட்டீஸ்களை நாங்கள் பார்க்கவே இல்லை. பதில் இல்லாததால் அபராதம் கட்டினோம். தொகை சிறியதுதான். தலைகுனிவு பெரியது. அன்றிலிருந்து எண் வீட்டுப் பையனுடையது. பதிவில் உள்ள பெரியவர் காலமான வீட்டாருக்கு ஒரு வார்த்தை: அந்தக் கைபேசி இணைப்பை அவசரப்பட்டுத் துண்டிக்காதீர்கள். எண் கிடைக்காமல் போனால் உங்கள் வட்ட வரி அலுவலகத்தில் ஆதாரங்களோடு மனுக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

இவை தவிர வருடாந்தரக் கெடு ஒன்று. ஒரு நிதியாண்டின் பில்லுக்கு அடுத்த நவம்பர் 30 வரைதான் இன்புட் எடுக்க முடியும். ஆண்டு ரிட்டர்ன் அதற்கு முன் போட்டுவிட்டால் அதோடு சரி. வாங்கிய சரக்குக்கு 180 நாளுக்குள் மண்டிக்குப் பணம் கொடுக்காவிட்டால் எடுத்த இன்புட்டை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். பணம் கொடுத்தபின் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். மொத்த வியாபாரிகளாகிய நாங்கள் பாக்கி கேட்பதில் உங்கள் நன்மையும் இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொல்லிக்கொள்கிறோம்.

இத்தனையும் வியாபாரியின் தவறு என்று மட்டும் சொல்லி முடித்தால் அது நியாயம் ஆகாது. அரசாங்கத்தையும் கேட்கிறோம். வாரிசுச் சான்றிதழுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுப் போட்டு, விசாரணை முடிந்து, சான்றிதழ் கைக்கு வருவதற்குள் 30 நாள் ஓடிவிடுகிறது. துக்க வீட்டில் இருப்பவன் எந்த வரிசையில் எந்தப் படிவம் என்று தேடிக்கொண்டிருப்பானா? வாரிசுச் சான்றிதழுக்கு மனுக் கொடுத்த நாளையே விண்ணப்பித்த நாளாகக் கொள்ள வேண்டும். இறப்பு என்று காரணம் காட்டி ரத்துக்கு வரும் விண்ணப்பத்தை ஏற்குமுன், "வரவை மாற்றிவிட்டீர்களா?" என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்வி இருந்திருந்தால் ஸ்ரீரங்கத்துக் குடும்பத்துக்கு ஒரு லட்சம் மிஞ்சியிருக்கும். இந்தக் கேள்வியும் படிவமும் தமிழில் இருக்க வேண்டும்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். உறுப்பினர் காலமானால் கடையடைத்து மரியாதை செய்கிறோம், இரங்கல் தீர்மானம் போடுகிறோம். நல்ல வழக்கம். அதோடு பத்து நாள் கழித்து விவரம் தெரிந்த ஒருவர் அந்த வீட்டுக்குப் போய், பதிவு, வரவு, வங்கி, உணவுப் பாதுகாப்பு உரிமம், வணிகர் நல வாரியத்தில் உறுப்பினரா என்று ஐந்து விஷயம் கேட்டு வரட்டும். மாலையைவிட அது பெரிய மரியாதை.

மொத்த வியாபாரிகளும் ஒன்று செய்யலாம். நம்மிடம் சரக்கு எடுக்கும் கடையில் பெரியவர் தவறினால், அடுத்த பில் போடுமுன் "எந்தப் பெயரில் போடட்டும், தம்பி?" என்று கேட்போம். எங்கள் மண்டியில் இப்போது அப்படித்தான் கேட்கிறோம்.

அந்த ஸ்ரீரங்கத்துத் தம்பி இன்றும் எங்களிடம்தான் சரக்கு எடுக்கிறார். கடை நன்றாகவே நடக்கிறது. போன மாதம் பில் வாங்கும்போது, "அப்பா இருந்திருந்தால் இந்த நஷ்டத்தைத் தாங்கியிருக்க மாட்டார்" என்றார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. காவிரியில் வெள்ளம் வந்தபின் கரையைத் தேடிப் பயனில்லை. இந்த இதழைப் படித்து முடித்ததும், உங்கள் பதிவுச் சான்றிதழை எடுத்து அதில் உள்ள பெயரும் முகவரியும், இணையப் பதிவில் உள்ள கைபேசி எண்ணும் இன்றைக்குச் சரிதானா என்று ஒரு தரம் பாருங்கள். சரியில்லை என்றால் நாளைக் காலையில் கடை திறக்குமுன் ஆடிட்டருக்குச் சொல்லிவிடுங்கள்.