பழைய கார் இருக்கட்டுமா, போகட்டுமா?



கணவனும் மனைவியும் ஒருமனப்பட இயலாது தவிக்கும் காரியங்கள் பல. அவற்றுள் வீட்டு முற்றத்தில் நிற்கும் காரும் ஒன்றாகிவிட்டது என்றால் நகைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்து ஆசிரியர் குடும்பம் ஒன்றை எண்ணிக்கொள்வோம். அவர்களிடம் இருப்பது 2012ஆம் ஆண்டு ஜப்பானில் உருவான ரொயோட்டா அக்குவா. ஹைபிரிட் வகையைச் சேர்ந்தது. ஓடிய தூரம் 2 இலட்சத்து 40 ஆயிரம் கிலோமீற்றர். கணவர் ஓய்வு பெற்றுப் பணிக்கொடை கைக்கு வந்திருக்கிறது. அதை முற்பணமாகக் கட்டி, மிகுதிக்கு லீசிங் எடுத்துப் புதிய வாகனம் வாங்கிவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். மகள் கொழும்பில் படிக்கிறாள்; அந்தப் பணம் அவளுக்கென்றே இருக்கட்டும் என்கிறார் மனைவி. இருவர் பக்கமும் நியாயம் உண்டு. நோயுற்ற முதிய தாயாரை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குச் செல்லும் இரவில், ஏ9 வீதியில் வன்னிக் காட்டோரம் கார் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் கணவரை உறங்கவிடாது செய்கிறது.

இத்தகைய கார்கள் நம் நாட்டில் இத்துணை பெருகியதற்குக் காரணம் உண்டு. 2010ஐ அடுத்த ஆண்டுகளில் ஹைபிரிட் வாகனங்களுக்குக் கிடைத்த வரிச்சலுகையால் நடுத்தரக் குடும்பங்களும் அவற்றை வாங்க முடிந்தது. பின்னர் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அத்தடை நீங்கியது 2025 பெப்ரவரியில்தான். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் இருப்பதையே பேணிக்கொண்டு காலந்தள்ளினோம். 2022இல் வாரம் 20 லீற்றர் பெற்றோல் என்று அளந்து கொடுக்கப்பட்ட நாட்களில் இச்சிறு வண்டிகள் எத்தனை வீடுகளுக்குக் கைகொடுத்தன என்பதை மறந்துவிட முடியுமா? தடை நீங்கிய பின்னரோ, புதிதாக வரும் வாகனத்தின் விலையில் பெரும் பகுதி வரியாகவே இருக்கிறது.

இனி, அந்த 2 இலட்சத்து 40 ஆயிரத்தைக் கண்டு அஞ்ச வேண்டுமா என்று பார்ப்போம். அமெரிக்காவில் கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் என்னும் நுகர்வோர் இதழ் 2011இல் ஒரு சோதனை நடத்தியது. 2 இலட்சம் மைலுக்கு மேல், அதாவது 3 இலட்சத்து 20 ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் ஓடிய 2002ஆம் ஆண்டுப் பிறியஸ் ஒன்றை எடுத்து, அதே வகை வண்டி புதிதாக இருந்தபோது தாம் பெற்ற அளவுகளோடு ஒப்பிட்டனர். எரிபொருட் சிக்கனத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அந்த வண்டியில் இருந்தது முதலில் பொருத்தப்பட்ட பற்றரியே. இதனால் எல்லா வண்டியும் அப்படியே உழைக்கும் என்று ஆகிவிடாது. ஓடிய தூரம் ஒன்றையே கொண்டு தீர்ப்பளிக்க முடியாது என்பது மட்டும் தெளிவாகிறது. மேலும், இறக்குமதியான வண்டிகள் சிலவற்றின் ஓடோமீட்டர் பின்னோக்கித் திருகப்பட்டிருப்பதும் நாம் அறியாததன்று.

இவ்வகைக் காரில் தேயும் உறுப்புகள் சாதாரணக் காரைவிடக் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். கிளச்சு இல்லை, தனியே ஸ்டாட்டர் மோட்டார் இல்லை, மின்னாக்கும் ஒல்ரநேற்றரும் இல்லை. வேகத்தைத் தணிக்கும்போது மோட்டாரே அவ்வேலையின் பெரும்பகுதியைச் செய்து மின்சாரத்தைச் சேமித்துக்கொள்வதால் பிறேக் கட்டைகள் நெடுங்காலம் நிற்கும். மூப்படைவது பற்றரிதான். அக்குவாவின் பற்றரி, 20 சிறு பகுதிகள் தொடராக இணைந்த ஒன்று. அவற்றுள் நலிந்த ஒன்று கெட்டாலே முழுத் தொடரும் நொண்டும். கெட்ட ஒன்றை மட்டும் மாற்றித் தருகிறோம் என்று மலிவு விலை சொல்லும் கராஜ்கள் உண்டு. ஆனால் ஏனையவையும் அதே வயதினவே; சில மாதங்களில் மற்றொன்று படுக்கும். ஆகவே வண்டியை இன்னும் நாலைந்து ஆண்டுகள் வைத்திருக்கக் கருதுவோர் முழுப் பற்றரியையும் புதிதாகப் போடுவதே சிக்கனம். ஓராண்டில் விற்க எண்ணுவோருக்கு அது வீண் செலவு.

பற்றரிக்குப் பெரும் பகை வெப்பம். பின்னாசனத்தின் அருகே கம்பி வலை போன்ற ஒரு காற்றுவாயில் இருக்கும். பற்றரியைக் குளிர்விக்கும் விசிறி அதன் வழியாகவே மூச்சு வாங்குகிறது. நமது செம்மண் தூசியும், பிள்ளைகளின் புத்தகப் பைகளும், கோயிலுக்குப் போகும்போது கழற்றிப் போட்ட சால்வையும் அதை அடைத்துவிட்டால் பற்றரி வேகிறது. அதைத் துப்புரவாக்க ஆகும் செலவு சொற்பம். இதைச் செய்யாமலே பற்றரி போய்விட்டது என்று புலம்பும் வீடுகள் எத்தனையோ! இன்னொன்று: எல்லாக் காருக்கும் உள்ளதுபோல இதற்கும் 12 வோல்ற் சிறு பற்றரி ஒன்று தனியே உண்டு. அது நலிந்தாலும் எச்சரிக்கை விளக்குகள் தாறுமாறாக எரியும். பெரிய பற்றரியைக் குற்றஞ்சாட்டுமுன் சிறியதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். ஆண்டுக்கு 15,000 கிலோமீற்றர் ஓட்டம் என்போம். பழையது லீற்றருக்கு 20 கிலோமீற்றர் தந்தால் 750 லீற்றர். புதியது 25 தந்தால் 600 லீற்றர். மிச்சம் 150 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் ஆண்டுக்கு 45,000 ரூபா. இப்பொழுது 50 இலட்சம் ரூபா கடனை நூற்றுக்குப் 12 வட்டிக்கு எடுத்தால் முதல் மாத வட்டி மட்டும் 50,000 ரூபா! ஓராண்டு முழுவதும் மிச்சம் பிடித்த பெற்றோற் காசு ஒரு மாத வட்டிக்கே போதவில்லை. எரிபொருள் மிச்சமாகும் என்று சொல்லிப் புதிய வண்டியைத் தலையில் கட்டுவோரிடம் இக்கணக்கைக் காட்டலாம்.

ஆயினும், வைத்திருக்கவே கூடாத வண்டிகளும் உண்டு. கடற்காற்றில் அடிச்சட்டம் துருப்பிடித்து உக்கியிருந்தால், வேறெதுவும் நன்றாயிருந்தும் பயனில்லை. மோதும் நேரத்தில் நம்மைக் காக்க வேண்டியது அந்த இரும்பே. குளிர்நீர் வெளியே ஒழுகாமலே குறைந்துகொண்டு போகிறதா? காலையில் முதன்முறை இயங்கும்போது எஞ்சின் உதறுகிறதா? தலைப்பகுதியின் கஸ்கெற் போயிருக்கலாம். 2009க்குப் பின் வந்த 1.8 லீற்றர் பிறியஸ் வண்டிகளில் இக்குறை கேள்விப்பட்டதே. பழைய காரில் இதுவும் பற்றரியும் ஒருசேர வந்தால் விடைகொடுப்பதே மேல். ஜப்பானிய வாகனங்கள் பலவற்றில் பொருத்தப்பட்ட தக்காட்டா காற்றுப் பைகள் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கெட்டு, வெடிக்கும்போது உலோகத் துண்டுகளை வீசியதால் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. செசி இலக்கத்தைக் கொண்டு உங்கள் வண்டி அதில் உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். இதில் சிக்கனம் பாராட்ட இடமில்லை.

நாம் எண்ணிய அந்தக் குடும்பத்துக்கு வருவோம். கராஜில் கணினி கொண்டு பற்றரியின் பகுதிகளை ஒவ்வொன்றாக அளந்து, அடிச்சட்டத்தையும் தூக்கிப் பார்த்து, எழுத்தில் அறிக்கை பெறட்டும். வண்டி தேறுமானால் வைத்திருப்பதே என் கருத்து. பணிக்கொடையில் ஒரு புதிய பற்றரியின் விலையை மட்டும் வங்கியில் ஒதுக்கிவிட்டு, மிகுதியை மகளுக்கு விடலாம். கணவரின் அச்சத்தையும் தட்டிக்கழிக்கலாகாது. தாயாரைக் கொழும்புக்குக் கொண்டுசெல்லும் நாளில் வாடகை வான் பிடிக்கட்டும். ஆண்டில் இரண்டு மூன்று முறை வரும் பயணத்துக்காக ஐந்தாண்டுக் கடனைச் சுமப்பானேன்?

தேறாவிட்டால் விற்க நேரிடும். விற்குமுன் எச்சரிக்கை விளக்கைக் கருவியால் அணைத்துவிடும் வழக்கம் ஒன்று உண்டு. சில நாள் ஓட்டத்தில் அது மீண்டும் எரியும். அதற்குள் வண்டி கைமாறியிருக்கும். பழைய ஹைபிரிட் வாங்க வருபவர் பெரும்பாலும் மனைவியின் நகையை அடகு வைத்து வாடகை ஓட்டம் தொடங்க எண்ணும் இளைஞர்தான். அந்த அறிக்கையையும் வாகனப் புத்தகத்தோடு சேர்த்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள். விலையில் சற்றுக் குறைப்பார், குறைக்கட்டும்.