அறிவியல் அரங்கம்: எல்லாமே அபாயம் என்றால்...

மாமல்லபுரத்திற்குத் தெற்கே, கடலை ஒட்டி அமைந்துள்ளது கல்பாக்கம் அணுமின் நிலையம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, அதன் பம்பு நிலையத்துள் கடல்நீர் புகுந்தது. இயங்கிக் கொண்டிருந்த உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. இத்தகைய வேளைகளில், கட்டுப்பாட்டு அறையில் இருப்போர் கருவிகள் தரும் செய்திகளை நம்பியே முடிவெடுக்க வேண்டும்.

அச்செய்திகளே வெள்ளமாகப் பெருகிவிட்டால் என்னாவது? 1979 மார்ச் 28இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டு அணு உலையில் அதுவே நேர்ந்தது. விபத்தின் தொடக்கத்திலேயே நூற்றுக்கு மேற்பட்ட அபாய அறிவிப்புகள் எழுந்தன. அவற்றை அச்சிட்ட கருவியோ, ஒரு கட்டத்தில் நிகழ்வுகளுக்கு இரண்டு மணி நேரத்திற்கும் மேலாகப் பின்தங்கியது. பெரியது எது, அற்பமானது எது என்று பிரித்தறிய இயலாமல் ஊழியர்கள் திகைத்தனர்.

கணிப்பொறிச் செயலிகளும் தம் செயல்களை 'லாக்' எனும் பதிவேட்டில் குறித்து வைக்கின்றன. 'சிஸ்லாக்' என்னும் முறை அக்குறிப்புகளை எட்டுப் படிகளாக வகுக்கிறது. பெரும் நெருக்கடிக்கு 0, பிழைக்கு 3, எச்சரிக்கைக்கு 4, சாதாரணத் தகவலுக்கு 6, சோதனைக் குறிப்புக்கு 7.

கணிப்பொறித் துறையில் பணியாற்றும் நம் பிள்ளைகள் இதனை மனத்தில் கொள்வார்களாக! சிறு தகவலைப் பிழையென்று பதியாதீர்கள். நேரம், இடம், காரணம் மூன்றையும் தெளிவாக எழுதுங்கள். பயன்படுத்துவோரின் கடவுச்சொல்லை ஒருபோதும் பதிவேட்டில் இடாதீர்கள். அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நள்ளிரவில் பழுது நீக்க வருபவருக்கு உங்கள் குறிப்பு ஒன்றே துணை.