காப்பி இயந்திரத்துக்கும் வாட்டம் வேண்டும்

வானொலியில் பேசுகிறவன் என்பதைவிட காப்பிப் பிரியன் என்றுதான் நண்பர்கள் என்னை அதிகம் அறிவார்கள். அதனால், தண்ணீர்க் குழாயோடு நேரடியாக இணைக்கும் எஸ்பிரெசோ இயந்திரத்தை வீட்டில் பொருத்தியவர்கள், இரண்டாம் மூன்றாம் மாதத்தில் என்னை அழைப்பார்கள். ஈப்போவில் மட்டும் இப்படி நாலைந்து வீடுகள். புகார் ஒன்றேதான்: "கோப்பைக்குக் கீழே இருக்கிற தட்டுல தண்ணி நிக்குதுப்பா, இறங்கவே மாட்டேங்குது. மெஷின் போச்சா?"

பெரும்பாலும் இயந்திரத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. உள்ளே வரும் தண்ணீரை 9 பார் அழுத்தத்தில் தள்ளப் பம்பு உண்டு. வெளியேறும் கழிவு நீருக்கு அது கிடையாது. தட்டிலிருந்து ஒரு சின்னக் கிண்ணம், அதிலிருந்து ஒரு குழாய். தானாக வழிந்து போனால்தான் உண்டு.

1961இல் இத்தாலியில் வந்த ஃபயேமா இ61 போன்ற இயந்திரங்கள் கடைகளுக்காகச் செய்யப்பட்டவை. கடை மேசைக்கு நேர் கீழேயே கழிவுக் குழாயை அமைத்துக்கொள்ளலாம். நம் வீட்டில் சிங்க் ஒரு மூலை, இயந்திரம் இன்னொரு மூலை. குழாய் அலமாரிக்குள் படுத்தபடி பயணம் செய்கிறது. சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

கிந்தா பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஈய லம்பங்களில் பலோங் என்ற நீண்ட மரத் தொட்டி சாய்வாக நிற்கும். மணல் கலந்த தண்ணீர் அதில் ஓடும்போது, குறுக்குக் கட்டைகளில் வேகம் குறையும் இடத்தில் கனமான ஈய மணல் தங்கிவிடும். உங்கள் குழாய் தொய்ந்து கிடக்கும் இடமும் ஒரு குட்டிப் பலோங்தான். அங்கே தங்குவது காப்பித் தூள்.

அதோடு காப்பியின் எண்ணெய்யும் சேர்கிறது. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள், நேற்றைய பால் கோட்டில் உறைந்திருந்தால் அதை உரித்துவிட்டுத்தான் புதிதாக வெட்டுவார்கள். இல்லையென்றால் பால் மங்குக்குப் போகாமல் வழி தவறும். குழாயில் படிந்த எண்ணெய்யை மட்டும் நாம் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம்.

சரி, எங்கே அடைப்பு? இயந்திரத்தை அணைத்து, ஆறவிடுங்கள். கிண்ணத்திலிருந்து குழாயைக் கழற்றி, கீழே வாளி வைத்து, தட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். வாளியில் தாராளமாக விழுந்தால் கிண்ணம் சுத்தம், குற்றவாளி குழாய். தயங்கித் தயங்கி விழுந்தால் கிண்ணத்தின் வாயில்தான் கசடு. பழைய பல் துலக்கும் பிரஷ் போதும்.

குழாய் என்றால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது வாட்டம்: மீட்டருக்கு 2 சென்டிமீட்டராவது சரிவு வேண்டும், நடுவில் எங்கும் மேலே ஏறக்கூடாது. இரண்டாவது நீளம்: மிச்சமான குழாயைச் சுருட்டி வைக்காமல் வெட்டிவிடுங்கள். மூன்றாவது முனை: அது தண்ணீருக்குள் முங்கியிருந்தால் உள்ளே காற்று அடைபட்டு ஓட்டம் நிற்கும், சாக்கடை நீர் திரும்பவும் வழி உண்டு. முனைக்கும் தண்ணீருக்கும் இடைவெளி விடுங்கள்.

காஸ்டிக் சோடா கலந்த அடைப்பு நீக்கி மட்டும் வேண்டாம். அது அலுமினியப் பாகங்களை அரிக்கும். அடைப்பு போகாவிட்டால், அந்தத் திரவம் நிற்கும் குழாயை நீங்கள்தான் கையால் கழற்ற வேண்டியிருக்கும். எஸ்பிரெசோ இயந்திரத்துக்கென்றே விற்கும் துப்புரவுத் தூளைச் சுடுநீரில் கரைத்து ஊற்றி, சற்று ஊறவிட்டு, நிறையத் தண்ணீர் விட்டு அலசினால் போதும்.

அடைப்பு திரும்பாமல் இருக்க, மிச்சப் பாலைத் தட்டில் கொட்டாதீர்கள். தூளைக் குப்பையில் தட்டுங்கள். சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுத்த கொட்டையைத் துணி வடிகட்டிக்கே விட்டுவிடுங்கள். அரைக்கும் இயந்திரத்தையே அது பிசுபிசுப்பாக்கும். இரவில் ஒரு ஜக் சுடுநீரைத் தட்டில் ஊற்றுங்கள்.

இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். தட்டு நிரம்பி வழிந்தால் தண்ணீர் அலமாரிக்குள் இறங்கும். நாம் பார்ப்பதற்குள் பலகை ஊறி உப்பிவிடும். அதை மாற்றும் செலவு குழாயின் விலையைப்போல் பல மடங்கு. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது தண்ணீர் வால்வை மூடிவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போங்கள். ஏடிஸ் கொசு வளர, பத்து நாள் தேங்கிய தண்ணீர் போதும்.